மூன்று தாமதங்கள்: மன்னார்க் கரையில் பேறும் வன்முறையும் சனத்தொகையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மன்னாரைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் மாந்தைத் துறைமுகத்தில் தொடங்குவார்கள். திருக்கேதீச்சரத்தைச் சொல்வார்கள், முத்துக்குளிப்பையும் மடு மாதாவையும் சொல்வார்கள். அத்தனையும் நம் பெருமைகள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவை மேடைகளில் அதிகம் பேசப்படாத மூன்று: பிரசவ விடுதி, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதும் மேசை, சனத்தொகைக் கணக்கெடுப்பு. இந்த மூன்றையும் மூன்று திணைக்களங்கள் பார்க்கின்றன, மூன்று கோப்புகளில் எழுதுகின்றன. பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ வங்காலையிலோ வாழும் ஒரு பெண்ணுக்கு அவை ஒரே வாழ்க்கையில், சில வேளை ஒரே இரவில், வந்து சேர்கின்றன.

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள், பேறுகாலத்தில் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு தெளிவான விடை சொன்னார்கள். குருதிப்போக்கு, வலிப்பு, கிருமித்தொற்று ஆகியவை மருத்துவக் காரணங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவமும் இருக்கிறது. மருத்துவம் இருந்தும் தாய் இறந்தால், நடுவில் நேரம் வீணாகியிருக்கிறது. உதவி தேடலாம் என்று முடிவெடுப்பதில் முதல் தாமதம். உதவி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதில் இரண்டாம் தாமதம். சேர்ந்த இடத்தில் உரிய கவனிப்புக் கிடைப்பதில் மூன்றாம் தாமதம். பேற்றுக்குப் பின் குருதி கட்டுக்கடங்காமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடக்கூடும். ஆகவே இந்த மூன்று தாமதங்களையும் நிமிடக் கணக்கில்தான் அளக்க வேண்டும்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். தாய் மரணத்தை விளக்க வந்த இந்த மூன்று தாமதங்களும் வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துகின்றன. அவளும் முதலில் வாய் திறக்க வேண்டும், பிறகு ஓரிடம் போய்ச் சேர வேண்டும், அங்கே அவளை நம்பிக் கவனிக்க ஆள் இருக்க வேண்டும். மன்னார்க் கரையில் இந்தத் தாமதங்களைக் கடல் கொண்டுவந்து போடவில்லை. போரும் சட்டமும் நிர்வாகமும் வீட்டு வழக்கமும் உண்டாக்கியவை அவை. மனிதர் உண்டாக்கியதை மனிதர் நீக்க முடியும்.

எண்ணிக்கை பற்றிய அச்சம்

சனத்தொகை என்றதும் பலர் பெருக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். மன்னாரின் கதை வேறு. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மன்னார் மாவட்டத்தில் 106,235 பேர் இருந்தார்கள். 2012இல் 99,570 பேர். இந்த 31 ஆண்டுகளில் இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாக உயர்ந்தது. நாடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகிய காலத்தில் மன்னார் சுருங்கியது. இடையில் வந்த 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வடக்கில் முழுமையாக நடக்கவே இல்லை.

பெண்கள் பிள்ளை பெறாததால் இது நடக்கவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் மன்னாரைச் சேர்ந்தவர்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றுச் சில நாட்களே ஆன தாய்மாரும் இருந்தார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 1981இல் இம்மாவட்டத்தில் நால்வரில் ஒருவர் முஸ்லிம், 2012இல் ஆறு பேரில் ஒருவர்தான். தமிழர்கள் தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் அலை அலையாகப் போனார்கள். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் அரிச்சல்முனைப் பக்கம் போய் இறங்கிய முதல் குடும்பங்களில் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது.

மக்களை எண்ணுவது அறம் சார்ந்த வேலை என்பதை இந்த மறைமாவட்டத்தின் அப்போதைய ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை நமக்குக் காட்டினார். 2011 ஜனவரி 8ஆம் திகதி அவர் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அரச செயலகங்களின் கணக்குகளையே வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 யூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது. அதன் பின்னால் கணவனுக்காகக் காத்திருந்தபடியே வீட்டைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் நிற்கிறார்கள்.

இத்தனை இழந்த சமூகங்களில், பெண்கள் இனி அதிகம் பெற வேண்டும் என்ற குரல் எழுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை நான் ஏற்க மாட்டேன். எண்ணிக்கை குறைந்தது பெண்களின் குற்றமில்லை. அதை ஈடுகட்டும் கடமையையும் அவர்கள் உடலின் மேல் சுமத்தக் கூடாது. மற்றவர்கள் பெருகிவிடுவார்கள் என்ற எதிர்ப்பக்கத்து அச்சம் என்ன செய்யும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் வதந்தியால் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் மகப்பேற்று வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று பரப்பினார்கள். அவர் கைதானார். விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதையும் காணவில்லை.

நமக்கு அருகிலேயே இன்னொன்று நடந்தது. 2013 ஓகஸ்ட் 31ஆம் திகதி, பூநகரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களான வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றின் தாய்மார் குழந்தைகளின் போசாக்கைப் பார்க்க வேண்டுமென்று கிளினிக்குக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே கைத்தோலின் கீழ் வைக்கும் கருத்தடைக் குச்சியை ஏற்கும்படி வற்புறுத்தப்பட்டதாக அவர்கள் சொன்னதை அறிக்கைகள் பதிவுசெய்தன. கருத்தடை முறை நல்ல மருத்துவம். அதை ஏற்பதும் மறுப்பதும் பெண்ணின் கையில் இருந்தால்தான் அது நல்லதாக இருக்கும். பெறு என்று வற்புறுத்தினாலும் பெறாதே என்று வற்புறுத்தினாலும் நடப்பது ஒன்றுதான்: முடிவு அவள் கையை விட்டுப் போகிறது.

முதல் தாமதம்: வாய் திறப்பதற்கு

தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் 2019இல் பெண்களின் நல்வாழ்வு பற்றி நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. திருமணமோ துணையோ கண்ட பெண்களில் ஐவரில் ஒருவர், அதாவது 20.4 சதவீதத்தினர், வாழ்நாளில் ஒரு முறையாவது துணைவனின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருந்தார்கள். துணைவனின் பாலியல் வன்முறைக்கு உள்ளானோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் எந்த நிறுவனத்திடமும் உதவி கேட்கவில்லை. வெட்கம், பழி நம் மேல் வரும் என்ற பயம், நம்ப மாட்டார்கள் என்ற பயம் ஆகியவையே அவர்கள் சொன்ன காரணங்கள்.

நம் கரையோர ஊர்களின் அமைப்பு இந்தப் பயத்தை வளர்க்கிறது. ஒரே கோயில் பங்கு, ஒரே பள்ளிவாசல் ஜமாஅத், ஒரே கடற்றொழிலாளர் சங்கம். அடிக்கிறவனின் தமையன்தான் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி, அவன் மாமன்தான் சங்கத் தலைவர். இந்த நெருக்கம் கடலில் வள்ளம் காணாமற்போனால் ஊரையே திரட்டுகிறது. அதே நெருக்கம் வீட்டுக்குள் அடி விழும்போது ஊரின் வாயை அடைக்கிறது. குடிதான் காரணம், மீன்பாடு இல்லாத கவலைதான் காரணம் என்கிறோம். இழுவைப் படகுகளால் வலை அறுபட்டவனின் துயரம் உண்மையானது. அதே துயரத்தில் இருக்கும் அவன் மனைவி யாரையும் அடிப்பதில்லை.

போர் இதற்கு இன்னொன்றைச் சேர்த்தது. 2006க்கும் 2009க்கும் இடையில், பிள்ளையைப் புலிகளின் ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றப் பெற்றோர் அவசர அவசரமாகச் சிறுமியருக்குத் தாலி கட்டிவைத்தார்கள். பல திருமணங்கள் பதிவாகவில்லை. அந்தச் சிறுமியர் இன்று முப்பதுகளில் இருக்கும் தாய்மார். பாதுகாப்புக்காகச் செய்த திருமணமே சிலருக்குப் பாதுகாப்பில்லாத இடமாகிப் போனது.

இந்த முதல் தாமதத்தை உடைக்கக்கூடிய ஒருவர் நம்மிடம் இருக்கிறார். அவர்தான் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊர் மருத்துவிச்சி. அவருடைய சேவைக்கு வேரான முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பேறுகளுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது ஏறத்தாழ 30. செல்வந்த நாடாகாமலே இதைச் சாதித்தோம் என்று உலகம் வியக்கிறது. அந்தச் சாதனையில் பெரும் பங்கு வீடு வீடாக நடந்த மருத்துவிச்சிகளுடையது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது இன்றைய நியமம். தேடுதல் ஆணை இல்லாமல், சந்தேகம் எழுப்பாமல், வீட்டு அடுப்படி வரை போகக்கூடிய அரச உத்தியோகத்தர் அவர் ஒருவர்தான். கர்ப்பிணியின் வயிற்றைப் பார்க்கும்போது முதுகிலுள்ள தழும்பும் அவர் கண்ணில் படுகிறது. கர்ப்பகால வன்முறையால் குறைமாதப் பேறும் எடை குறைந்த குழந்தையும் நேர்கின்றன. ஆகவே அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்பது அவர் மருத்துவக் கடமைக்குள் அடங்கும். கேட்க அவருக்குப் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், கேட்டதால் அவருக்கு ஆபத்து வராது என்ற உறுதியும் வேண்டும்.

இரண்டாம் தாமதம்: போய்ச் சேர்வதற்கு

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். மன்னாரிலிருந்து வவுனியா ஏறத்தாழ 80. வரைபடத்தில் இவை சிறிய தூரங்கள். 1990இல் மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அந்த இருபது ஆண்டுகளில் தூரத்தை அளந்தவை ஊரடங்கும் சோதனைச்சாவடியும் அனுமதிச் சீட்டும். இரவில் வலி கண்ட பெண் விடியும் வரை காத்திருந்தாள். சாமத்தில் அடிவாங்கியவள் வெளியே ஓடினால் அங்கே துப்பாக்கி நின்றது.

இன்று பாலம் இருக்கிறது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும். 2018இல் வடக்குக்கும் அந்தச் சேவை வந்துவிட்டது. இருந்தும் சில தூரங்கள் குறையவில்லை. வாடைக் காற்றுக்கும் சோளகத்துக்கும் ஏற்பக் கரை மாறி வாடி என்னும் தற்காலிகக் கொட்டில் அமைத்துத் தொழில் செய்யும் குடும்பங்கள் உண்டு. கர்ப்பிணியின் பெயர் ஓர் ஊரின் பதிவேட்டில் இருக்கும், அவள் மாதக்கணக்கில் வேறு கரையின் வாடியில் இருப்பாள். அந்த மாதங்களில் அவள் யாருடைய பொறுப்பு? பதிவேட்டைப் புரட்டும் ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் காட்டினால், இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவில் ஒரு தாய் தவறிப்போகிறாள்.

சட்டமும் ஒரு தூரந்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். நல்ல சட்டம். ஆனால் கட்டளை கையில் கிடைக்கும் வரை அவள் எங்கே தங்குவாள்? இங்குள்ள தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள சீதன வீட்டையே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவன் காணாமற்போயிருந்தால் அதற்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்கு ஆகக்குறைந்த வயதை நிர்ணயிக்கவில்லை, காதி ஆசனத்தில் பெண் அமர இடம் தரவில்லை. அதை மாற்றக் கோரி முஸ்லிம் பெண்களே பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கத் தவிர வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பாலியல் வல்லுறவால் கருவுற்ற சிறுமிக்கும் அதே சட்டந்தான். 2017இல் அமைச்சரவை வரை வந்த ஒரு சிறு திருத்தமும் மதத் தலைவர்களின் எதிர்ப்பில் நின்றுவிட்டது. கணவன் செய்யும் வல்லுறவு, நீதிமன்றம் இருவரையும் பிரித்து வைத்திருந்தாலன்றி, குற்றமே ஆகாது. இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இங்கே கூடியிருக்கிறோம். எந்தச் சமூகமும் மற்றதைச் சுட்டிவிட்டுத் தன் கணக்கை மூடிவைக்க முடியாது.

மூன்றாம் தாமதம்: சேர்ந்த இடத்தில்

2024 யூலை இறுதியில், பிள்ளை பெற்றுச் சில நாட்களில் குருதிப்போக்கோடு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வந்த இளம் தாய் ஒருவர் அங்கே இறந்தார். உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினார்கள். மக்கள் வீதிக்கு வந்தார்கள், விசாரணைகள் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் அதே வைத்தியசாலையில் இன்னொரு தாயும் சிசுவும் இறந்தபோது ஊர் மீண்டும் கொதித்தது. யார் எவ்வளவு பொறுப்பு என்று தீர்ப்பளிக்கும் இடம் இந்த மேடை இல்லை. பொது வைத்தியசாலையை இழிவுபடுத்துவதும் என் நோக்கமில்லை. ஏழைக்கு அதைவிட்டால் வேறு போக்கிடமில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். இலங்கையில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் அறிவிக்க வேண்டும், ஆராய வேண்டும் என்பது நெடுநாளைய நடைமுறை. அந்த ஆய்வில் தெரியவந்தது அந்தக் குடும்பத்துக்கும் தமிழில், எழுத்தில், குறித்த காலத்துக்குள் சொல்லப்பட வேண்டும். பதில் கிடைக்காத குடும்பத்தின் துயரம் ஊரில் அவநம்பிக்கையாகப் பரவுகிறது. அந்த அவநம்பிக்கையால் அடுத்த கர்ப்பிணி வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகிறாள். மூன்றாம் தாமதம் இப்படித்தான் முதல் தாமதத்தைப் பெற்றெடுக்கிறது.

காவல் நிலையமும் இந்தக் கணக்கில் அடங்கும். 2001 மார்ச்சில் மன்னார் உப்புக்குளத்தில் கைதான இரண்டு தமிழ்ப் பெண்கள், காவலில் தாங்கள் சித்திரவதைக்கும் பாலியல் வல்லுறவுக்கும் உள்ளாக்கப்பட்டதாக முறையிட்டார்கள். பாதுகாக்க வேண்டியவர்கள் மீதே அந்த முறைப்பாடு. வழக்கு நீதிமன்றம் போனது. அனைத்துலக மன்னிப்புச் சபை 2002இல் வெளியிட்ட அறிக்கையிலும் அது இடம்பெற்றது. அந்த ஆண்டுகளின் நினைவு நம் பெண்களிடம் இன்னும் இருக்கிறது. முறைப்பாட்டு மேசைக்கு முன்னால் ஒரு பெண் தயங்கி நின்றால், அதை அறியாமை என்று சொல்லக் கூடாது. அவளுக்குத் தெரிந்த வரலாறு அவளைத் தயங்க வைக்கிறது.

நம்பிக்கைக்கும் இங்கேயே ஆதாரம் உண்டு. 1990இல் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றின் மகளான ஷிரீன் சரூர் 1998இல் மன்னார் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனம் உருவாகக் காரணமானார். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து கடனையும் காணியையும் வன்முறையையும் பேசினார்கள். துரத்திய இனம், துரத்தப்பட்ட இனம் என்று வெளியே பிரிந்து நின்றவர்கள், வீட்டுக்குள் வாங்கும் அடி இரு பக்கமும் ஒன்றுதான் என்று அங்கே கண்டுகொண்டார்கள். நல்லிணக்கத்தைப் பற்றி எத்தனையோ மாநாடுகள் நடக்கின்றன. மன்னார்ப் பெண்கள் அதை முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

செய்யக்கூடியவை

முதல் தாமதத்துக்கு: மாவட்டத்தின் எந்தக் குடும்பநல உத்தியோகத்தர் பிரிவும் வெற்றிடமாக இருக்கக் கூடாது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் மார்பகப் பரிசோதனைக்கும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கும் மட்டுமன்றி, மனம் திறந்து பேசவும் ஓர் இடமாக வேண்டும். பங்குத் தந்தையும் மௌலவியும் கோயில் குருக்களும் ஞாயிறும் வெள்ளியும் திருவிழாவிலும் ஆண்களைப் பார்த்து இதைப் பேச வேண்டும். மனைவியை அடித்தவன் சங்கத்தில் பதவி வகிக்க முடியாது என்று ஒரு கடற்றொழிலாளர் சங்கம் தீர்மானம் எடுக்கட்டும். அது பல கருத்தரங்குகளை விடப் பயன் தரும்.

இரண்டாம் தாமதத்துக்கு: வாடிகளைக் காற்றுப் பருவத்துக்கு ஏற்பக் கணக்கெடுத்து, அங்குள்ள கர்ப்பிணிகளை அந்தந்தக் கரையின் உத்தியோகத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். முசலியிலும் மாந்தை மேற்கிலும் இரவில் ஒரு தாயை நகருக்குக் கொண்டுவர எத்தனை நிமிடம் எடுக்கிறது என்பதை அளந்து, ஒவ்வோர் ஆண்டும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு வீட்டை விட்டு வரும் பெண்ணுக்குத் தங்குமிடம் இந்த மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும்.

மூன்றாம் தாமதத்துக்கு: வன்முறைக்கு உள்ளானவர்களுக்காக அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பிரிவு இயங்குகிறது. அடி பெரும்பாலும் இரவில் விழுகிறது. பகல் அலுவலக நேரத்தோடு அந்த நிலையத்தின் கதவை மூடக் கூடாது. பொலிஸ் நிலையத்தில் எந்நேரமும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும். 1938 என்ற மகளிர் உதவி எண்ணும் 1929 என்ற சிறுவர் உதவி எண்ணும் ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் மீன் சந்தைச் சுவரிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பெண்கள் வலுவூட்டல் சட்டம் பெண்களுக்கென ஒரு தேசிய ஆணைக்குழுவுக்கு வழி செய்திருக்கிறது. அது கொழும்போடு நின்றுவிடாமல் மன்னார் வரை வரச் செய்வது நம் பிரதிநிதிகளின் பொறுப்பு.

ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதைச் சனத்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும். நாம் எப்படிப்பட்ட மக்கள் என்பதை வேறு மூன்று கேள்விகள் சொல்லும். எப்போது மணம் செய்வது, எத்தனை பிள்ளை பெறுவது, எந்த வீட்டில் வாழ்வது என்பதை நம் பெண்களே முடிவுசெய்கிறார்களா? ஆம் என்று மன்னார் சொல்லும் நாளில், எண்ணிக்கை குறித்த நம் அச்சங்களுக்கு வேலையே இருக்காது. பிள்ளை பெறப் போகும் இடத்தில் பயமில்லை, வாழும் வீட்டில் அடி இல்லை என்ற நிலை வர வேண்டும். அந்த நிலையை உண்டாக்கும் அதிகாரம் இந்த மண்டபத்தில் இருக்கும் அதிகாரிகளிடமும் குருமாரிடமும் சங்கத் தலைவர்களிடமும் கணவர்களிடமும் இருக்கிறது. தடுக்கக்கூடியது என்று தெரிந்த பின்னும் நடக்கும் ஒவ்வொரு மரணத்துக்கும், கேட்டும் கேளாததுபோல் நாம் கடந்துபோகும் ஒவ்வோர் அடிக்கும், நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.